கோகோனினோ காட்டில் உதவிய அந்த அம்மாவுக்கு

அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் கோகோனினோ தேசியக் காட்டில் கூடாரம் போட்டிருந்தபோது எங்கள் கார் டயர் பஞ்சர். எரிமலைக் கற்கள் சிதறிய மண்சாலை. போனில் சிக்னலும் இல்லை. கொஞ்சம் தள்ளித் தங்கியிருந்த ஒரு அம்மா, நாங்கள் கேட்காமலேயே பஞ்சர் கிட்டும் சின்னக் கம்ப்ரஸருமாக வந்தார். வயது எழுபது இருக்கும். ஓட்டையை அடைத்து, காற்றடித்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் நிமிர்ந்தார். பணம் நீட்டினோம், வாங்கவில்லை. பெயரும் சொல்லவில்லை.

முகாம் மைதானத்துக்கு வெளியே, இப்படிக் காட்டுக்குள் தங்க அங்கே கட்டணம் கிடையாது. குழாய், கழிப்பறை, குப்பைத்தொட்டியும் கிடையாது. 30 நாளில் 14 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. வனத்துறை இலவசமாகத் தரும் வண்டிப்பாதை வரைபடத்தை விரித்து, எந்தப் பாதையோரம் தங்கலாம் என்று காட்டினார். கழிப்பறை இல்லாததால் மலம் கழிக்கத் தோண்டும் குழி 6 முதல் 8 அங்குல ஆழம், நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளி இருக்க வேண்டும் என்றார். அப்புறம், நெருப்பை மண் போட்டு மூடிவிட்டுப் போகக் கூடாதாம்; உள்ளே கனல் கிடக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, தொட்டால் சுடாத வரை மறுபடி ஊற்ற வேண்டும். எங்களிடம் தண்ணீர் குறைவு என்று பார்த்துத் தன் கேனில் பாதியைக் கொடுத்துவிட்டார். அந்த வறண்ட பைன் காட்டில் அது சாதாரண விஷயமா?

நன்றி அம்மா. உங்கள் நாய் எங்கள் தயிர்சாதத்தைக் காலி செய்ததில் எங்களுக்கு வருத்தமே இல்லை.