வான் நோக்கும் செயலிகள்: இலவசம் வேறு, திறந்த மூலம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரவு வானில் விண்மீன்களையும் கோள்களையும் அடையாளம் காண உதவும் கைபேசிச் செயலிகளைப் பரிந்துரைக்கும் கட்டுரைகளில், இலவசமாகக் கிடைப்பவற்றையும் திறந்த மூலச் செயலிகளையும் (அதாவது, தம் மூலநிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் விடுபவற்றை) ஒன்றாகவே எண்ணி ஒரே பட்டியலில் சேர்த்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. புதிதாக வானம் பார்க்கத் தொடங்குவோர் அத்தகைய பட்டியல்களை நம்பியே செயலியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதால், இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

ஒரு வானியல் செயலிக்கு உண்மையில் தேவைப்படுபவை மூன்றுதான்: நாம் இருக்கும் இடம், நேரம், கைபேசி நோக்கியிருக்கும் திசை. விண்மீன்களின் இருப்பிடங்கள் ஹிப்பார்க்கஸ் போன்ற பொது அட்டவணைகளில் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி இருக்கின்றன. 1997இல் வெளியான அந்த அட்டவணையில் மட்டும் 1,18,218 விண்மீன்கள் உள்ளன. மற்றவை எல்லாம் கைபேசிக்குள்ளேயே முடிந்துவிடக்கூடிய கணக்குகள். நம் இருப்பிடம்கூடத் துல்லியமாகத் தேவையில்லை. பத்து கிலோமீட்டர் தள்ளிக் குறிப்பிட்டாலும் வரைபடத்தில் ஏற்படும் பிசகு நிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. ஆகவே, ஜிபிஎஸ் அனுமதியை மறுத்துவிட்டு, அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கையால் உள்ளிட்டாலே போதும். அப்படியிருக்க, ஒரு செயலி எந்நேரமும் இருப்பிடத்தைக் கேட்டுக்கொண்டும் விளம்பர வலையமைப்புகளோடு தொடர்பில் இருந்துகொண்டும் இருந்தால், அது வானத்துக்காக அல்ல. மூலநிரல் மூடப்பட்ட செயலியில் இதைச் சரிபார்க்கும் வாய்ப்பு மிகக் குறைவு. மூலநிரல் பொதுவில் இருந்தால், நமக்கு நிரல் படிக்கத் தெரியாவிட்டாலும் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்ல முடியும். எஃப்-டிராய்டு என்ற செயலிக் களஞ்சியம் மூலநிரலிலிருந்து செயலிகளை உருவாக்கித் தருவதோடு, பயனரைப் பின்தொடரும் கூறுகள் இருப்பதாகத் தெரிந்தால் அதையும் குறிப்பிட்டுக் காட்டுகிறது.

திறந்த மூலத்தின் மற்றொரு பயன் நீண்ட ஆயுள். கூகுள் நிறுவனத்தில் உருவாகி 2009இல் ஆண்ட்ராய்டுக்கு வெளிவந்த ஸ்கை மேப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2012இல் அந்நிறுவனம் அதன் மூலநிரலை, எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் இடம் தரும் அப்பாச்சி உரிமத்தின்கீழ்ப் பொதுவில் வைத்ததால்தான், தன்னார்வலர்கள் பொறுப்பேற்று இன்றுவரை அதைத் தொடர முடிந்திருக்கிறது. வெறும் கண்ணால் வானம் பார்ப்பவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பதும் இதைத்தான். கைபேசியை உயர்த்தினால் அந்தத் திசையில் உள்ளவற்றைக் காட்டுகிறது, இணைய இணைப்பு இல்லாமலும் இயங்குகிறது, கடந்த காலத்துக்கோ எதிர்காலத்துக்கோ தேதியை மாற்றிப் பார்க்கவும் இடம் தருகிறது. மங்கலான விண்மீன்களைத் தொலைநோக்கியில் தேடுபவர்களுக்கு இது போதாது என்பதும் உண்மை.

பலர் குழம்பும் இடம் ஸ்டெல்லேரியம் என்ற வானியல் மென்பொருள். கணினிக்கான ஸ்டெல்லேரியம் ஜிபிஎல் என்ற பொது உரிமத்தில் வெளிவரும் முழுமையான திறந்த மூல மென்பொருள். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களோடு வருவது. ஆனால் அதே பெயரில் கைபேசிக்குக் கிடைக்கும் செயலியின் மூலநிரல் முழுமையாகப் பொதுவில் இல்லை. கூடுதல் வசதிகளுக்குக் கட்டணமும் உண்டு. அது மிக நேர்த்தியான செயலி என்பதில் எனக்கு ஐயமில்லை. இருப்பினும் பெயரை மட்டும் பார்த்து அதைத் திறந்த மூலப் பட்டியலில் சேர்ப்பது சரியாகாது. கேடிஇ என்ற திறந்த மூல மென்பொருள் குழுவினரின் கேஸ்டார்ஸ் லைட் ஆண்ட்ராய்டுக்காக உருவாக்கப்பட்ட திறந்த மூலச் செயலி. செலஸ்டியாவும் அவ்வாறே, ஆனால் அது விண்வெளியில் உலவிப் பார்ப்பதற்கானது, தலைக்கு மேலுள்ள வானத்தில் வழிகாட்டுவதற்கானது அல்ல.

எந்தச் செயலியாக இருந்தாலும் திசை தவறாகக் காட்டினால் உடனே அதைக் குறை சொல்லி நீக்கிவிடுகிறோம். பெரும்பாலும் பிழை கைபேசியின் காந்தமானியில், அதாவது திசையறியும் உணரியில், இருக்கிறது. காந்தம் பொருத்திய உறை, அருகில் நிற்கும் வாகனம், இரும்புக் கைப்பிடிச் சுவர் ஆகியவை திசைமானியைத் திசைதிருப்பிவிடும். உறையைக் கழற்றி, திறந்த இடத்துக்குச் சென்று, கைபேசியை எட்டு வடிவில் சுழற்றிய பிறகு, நிலவையோ வியாழனையோ நோக்கிப் பிடித்துச் சோதிப்பது நல்லது. கையை நீட்டி மூடிய முட்டியின் அகலம் வானில் ஏறத்தாழ பத்து பாகை. திரையில் தெரியும் நிலவுக்கும் கண்ணில் தெரியும் நிலவுக்கும் இடையே அவ்வளவு தொலைவு தொடர்ந்து இருந்தால், தானியங்கித் திசையை அணைத்துவிட்டு விரலால் நகர்த்திப் பார்ப்பதே மேல்.

இருளுக்குக் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகின்றன. மங்கிய ஒளியில் நமக்குப் பார்வை தரும் கண்ணின் கோல் செல்கள் சிவப்பு ஒளியை அவ்வளவாக உணர்வதில்லை என்பதால்தான் இச்செயலிகளில் சிவப்பு நிற இரவுப் பயன்முறை இருக்கிறது. அதைப் பகலிலேயே சோதித்துப் பாருங்கள். வரைபடம் சிவப்பாக மாறினாலும், தேடல் கட்டத்தைத் தொட்டவுடன் விசைப்பலகை வெள்ளை வெளேரென்று திறந்துகொண்டால், அரை மணி நேரம் காத்திருந்தது ஒரு நொடியில் வீணாகிவிடும்.

விண்மீன் அட்டவணை ஆண்டுக்கணக்கில் பழையதானாலும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதைத் தரவோ ஓரிரு வாரங்களிலேயே பிசகத் தொடங்கும். பன்னாட்டு விண்வெளி நிலையம் கடந்து செல்வதைப் பார்க்க விரும்புவோர் லுக்ஃபார்சாட் போன்ற தனித் திறந்த மூலச் செயலியை வைத்துக்கொண்டு, புறப்படுமுன் தரவைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

இனி இத்தகைய செயலிகளைத் தங்கள் நாளிதழ் பரிந்துரைக்கும்போது, ஒவ்வொன்றின் உரிமம், அது கேட்கும் அனுமதிகள், கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட தேதி ஆகிய மூன்றையும் பெயருக்கு அருகிலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வானியல் ஆர்வமுள்ள வாசகர்