கர்லி நீல்: வேடிக்கைக்காரர் என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கர்லி நீல் என்ற அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் 2020 மார்ச் 26 அன்று ஹூஸ்டனில் காலமானார். வயது 77. நம் நாட்டில் ஊரடங்கு தொடங்கிய இரண்டாம் நாள் அது. எந்தப் பத்திரிகையைத் திறந்தாலும் கொரோனாதான், அந்த நேரத்தில் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணியின் மொட்டைத்தலைக்காரர் போய்விட்டார் என்ற செய்திக்கு இடம் கிடைக்காமல் போனதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகும் அவரைப் பற்றித் தமிழில் உருப்படியாக ஒன்றும் என் கண்ணில் படவில்லை. எங்காவது பெயர் வந்தாலும் "மைதானத்தில் வேடிக்கை காட்டியவர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியைப் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

குளோப்டிராட்டர்ஸ் 1920களில் சிகாகோவில் உருவான கறுப்பின வீரர்களின் அணி, ஆட்டத்தோடு வித்தையும் வேடிக்கையும் கலந்து காட்டுவதில் பேர்போனது. பெயரில்தான் நியூயார்க்கின் ஹார்லெம், அங்கே அவர்கள் முதன்முதலாக ஆடியதே 1968இல்தான். ஏப் சேப்பர்ஸ்டீன் என்பவர் அணியை நடத்தினார், ஊர் ஊராகப் போய் உள்ளூர் அணிகளோடு மோதிப் பிழைத்தார்கள். பெரிய லீக்குகள் கறுப்பின வீரர்களை ஏறக்குறைய ஒதுக்கியே வைத்திருந்த காலம். 1948இல் அந்நாளின் பெரிய நட்சத்திரமான ஜார்ஜ் மைக்கன் ஆடிய மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியை, கடைசி நொடியில் போட்ட பந்தில், 61-59 என்று இவர்கள் தோற்கடித்தார்கள். இரண்டு வருடம் கழித்து 1950இல் அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. கறுப்பின வீரர்களைச் சேர்த்துக்கொண்டபோது நாட் கிளிஃப்டன் போனது இந்த அணியிலிருந்துதான். சும்மா சிரிப்புக் காட்டும் கூட்டம் இல்லை என்பதற்கு இதுவே போதும்.

நீல் பிறந்தது 1942 மே 19இல், வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில். 1960 பிப்ரவரி 1 அன்று நான்கு கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உல்வொர்த் கடைச் சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்து, எழுந்திருக்க மறுத்து, நாடு முழுக்கப் போராட்டம் பரவக் காரணமானார்களே, அதே ஊர்தான். அப்போது நீலுக்கு 17 வயது. அப்புறம் சார்லட் நகரில் கறுப்பின மாணவர்களுக்கென்று இருந்த ஜான்சன் சி. ஸ்மித் பல்கலைக்கழகத்தில் ஆடி, கடைசி ஆண்டில் ஆட்டத்துக்குச் சராசரியாக 23 புள்ளி எடுத்தார். 1963இல் அவர் கல்லூரி முடித்து வெளியே வந்தபோது என்.பி.ஏ.வில் இருந்தவை மொத்தமே 9 அணிகள். நாடு முழுவதற்கும் சேர்த்து நூற்றுச் சொச்சம் இடம், அதிலும் சிறிய கறுப்பினக் கல்லூரிகளின் பக்கம் ஆள் தேடி வந்தவர்கள் குறைவு. அவர் குளோப்டிராட்டர்ஸில் சேர்ந்ததை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பெரிய ஆட்டம் ஆடத் தெரியாமல் வேடிக்கைப் பக்கம் ஒதுங்கியவர் அல்ல அவர்.

சரி, அவர் என்னதான் செய்தார்? பழைய தொலைக்காட்சிப் பதிவுகள் இருக்கின்றன, ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பந்து இவர் கைக்கு வந்ததும் எதிரணி ஆள் பறிக்க வருவார். நீல் ஓட மாட்டார், குனிவார். தட்டும் உயரம் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கும், பிறகு தரையை ஒட்டிப் பட்டாசு வெடிப்பது போல் படபடவென்று பந்து அடிக்கும். இன்னொருவர் ஓடி வருவார், நீல் அப்படியே முழங்காலில் விழுந்து பளபளத்த மரத்தரையில் சறுக்கிக்கொண்டு போவார், பந்து மட்டும் கையோடு கூடவே போகும். சறுக்கிய வேகத்திலேயே எழுந்து திரும்புவார். துரத்தியவர்கள் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நிற்க, இவர் வாய் நிறையச் சிரித்தபடி வளையத்துக்குப் போவார். அரங்கமே சிரிக்கும், நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் ஒரு தடவை அவர் முகத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் கவனித்துப் பாருங்கள். பந்தை அவர் பார்ப்பதே இல்லை. உள்ளங்கை படாது, விரல் நுனிகள்தான். கூடைப்பந்து ஆடிய யாரிடமும் கேளுங்கள், நின்ற இடத்தில் அரையடி உயரத்தில் பந்தைத் தட்டுவதே எவ்வளவு பாடு என்று சொல்வார்கள்.

இந்த வித்தைக்கு முன்னோடி மார்க்கஸ் ஹேன்ஸ், அதே அணியின் மூத்த வீரர். 1998இல் நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழரங்கில் இடம்பிடித்தவர். அவர் காட்டிய வழியில் போய் அதை உலகத்துக்கே தெரிய வைத்தவர் நீல். பாதி மைதானத்திலிருந்து கொக்கிபோல் கையை வளைத்துப் பந்து போட்ட அணித்தோழர் மெடோலார்க் லெமன் பேசிப் பேசிச் சிரிக்க வைப்பார், நீல் பந்தாலேயே சிரிக்க வைப்பார். 1970இல் ஹன்னா-பார்பெரா நிறுவனம் இந்த அணியைக் கார்ட்டூனாக்கியபோது இருவரும் அதில் பாத்திரங்கள் ஆனார்கள்.

எல்லாம் முன்பே பேசி வைத்த ஆட்டம்தானே, எதிரணியான வாஷிங்டன் ஜெனரல்ஸ் தோற்பதற்கென்றே கூட வந்தவர்கள்தானே என்று சிலர் கேட்பார்கள். யார் ஜெயிப்பார்கள் என்பது தெரிந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் பந்து யார் சொன்னாலும் கேட்காது. 1971 ஜனவரி 5 அன்று டென்னசி மாநிலத்தின் மார்ட்டின் என்ற சிற்றூரில் ஜெனரல்ஸ் அணியின் ரெட் கிளாட்ஸ், 50 வயதில், கடைசி நொடிகளில் ஒரு பந்து போட்டு 100-99 என்று குளோப்டிராட்டர்ஸை வீழ்த்தியே விட்டார். இதைவிடக் கனமான விமர்சனம் ஒன்று உண்டு. உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, வெள்ளையர் எதிரில் கோமாளித்தனம் செய்கிறார்கள் என்று கறுப்பின மக்களிலேயே சிலர் இவர்களைச் சாடினார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அந்த ஆடுகளத்தில் கேலிக்கு ஆளானது யார்? பந்தைத் துரத்தித் துரத்தி ஏமாந்தவர்கள்தான். நீல் ஒருநாளும் முட்டாளாக நடித்ததில்லை. அங்கே எல்லோரையும்விடக் கெட்டிக்காரர் அவர்தான் என்பது கடைசி வரிசையில் உட்கார்ந்த பிள்ளைக்கும் தெரிந்தது.

உழைப்பையும் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். 1963 முதல் 1985 வரை 22 ஆண்டுகள், 97 நாடுகள், 6,000க்கு மேற்பட்ட ஆட்டங்கள். வருடத்துக்குச் சுமார் 270. என்.பி.ஏ. வீரர் ஒரு பருவத்தில் ஆடுவது 80 சொச்சம். மேடை மாதிரி தினமும் ஒரே மாதிரி சிரிக்க வேண்டும், மறுநாள் வேறு ஊர், வேறு தரை, முழங்கால் மட்டும் அதே முழங்கால்.

2008 பிப்ரவரி 15 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவருடைய 22ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று அணி அறிவித்தது. அவருக்கு முன் அந்த மரியாதை கிடைத்தவர்கள் வில்ட் சேம்பர்லைன், லெமன், ஹேன்ஸ், கூஸ் டேட்டம் ஆகிய நால்வர்தான். சேம்பர்லைன் என்.பி.ஏ.வில் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தவர். அந்த வரிசையில் நிற்பவரைத்தான் நாம் ஒரு வரியில் தாண்டிப் போகிறோம்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, மார்ச் 26 வரும்போது உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அவருக்கு அரைப் பக்கம் கொடுங்கள். ஹேன்ஸைப் பற்றியும் அதில் நாலு வரி வரட்டும். படம் போடுவதானால் அந்தச் சிரித்த முகப் படத்தை எல்லோரும் போட்டாயிற்று, முழங்காலில் சறுக்கியபடி பந்து தட்டும் படத்தைப் போடுங்கள். பந்து தட்டப் பழகும் பிள்ளைகள் வெட்டி எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
கோவை