சின்னத் தாத்தா வந்த கப்பல் எரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் முழுமைத் தற்காப்பு தினத்தையொட்டி ஞாயிறு மலரில் வந்த, இரண்டாம் உலகப் போர்க்காலத் துருப்புக் கப்பல் 'எம்ப்ரஸ் ஆஃப் ஏசியா' பற்றிய கட்டுரையைப் படித்த கையோடு என் தம்பி அழைத்தான். "அண்ணே, நம்ம சின்னத் தாத்தா வந்த கப்பலப் பத்தி போட்டிருக்காங்க!" குண்டு விழுந்து எரிந்த அந்தக் கப்பலிலிருந்து தப்பிக் கரையேறியவர் என்பதுதான் எங்கள் வீட்டுக் கதை. போன வருடம் வரை நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில், சின்னத் தாத்தாவின் பட்டாளத்துச் சம்பளப் புத்தகம் கிடைத்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. பம்பாயில் கப்பலேறியது 1942 ஜனவரி என்று ஒரு வரி. தேதி 6ஆ 8ஆ என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. எதுவானாலும் கதை இடிக்கிறது. எம்ப்ரஸ் ஆஃப் ஏசியா வந்த 'பிஎம் 12' கான்வாய் (பாதுகாப்போடு சேர்ந்து செல்லும் கப்பல் கூட்டம்) பம்பாயை விட்டதே ஜனவரி 23இல்தான். (பிஎம் என்றால் பம்பாய்-மலாயா.) தவிர, அந்தக் கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் துருப்பினர்.

ஜனவரி 22ஆம் தேதி 44ஆவது இந்தியப் படைப்பிரிவும் கூடவே 7,000 இந்தியச் சிப்பாய்களும் இங்கே வந்து இறங்கினார்கள். தேதியை வைத்துப் பார்த்தால் சின்னத் தாத்தா அந்தக் கூட்டத்தில்தான் வந்திருக்க வேண்டும். லாரி ஓட்டியவர் அவர். அந்தப் படைப்பிரிவை நிறுத்தியது தீவின் தென்மேற்கில், ஜூரோங் பக்கம். பிப்ரவரி 5ஆம் தேதி எம்ப்ரஸ் ஆஃப் ஏசியா பற்றியெரிந்த சுல்தான் ஷோல், அந்தக் கரைக்கு எதிரே உள்ள கடல். "கண்ணு முன்னால கப்பல் எரிஞ்சுச்சு" என்று அவர் சொன்னது பொய்யில்லை. கரையில் நின்று பார்த்த மனுஷனை நாங்கள்தான் கப்பலில் ஏற்றிவிட்டோம்! பிரிட்டிஷார் சரணடைந்தபின், பிப்ரவரி 17 அன்று ஃபேரர் பார்க் திடலில் இந்தியச் சிப்பாய்களைப் பிரித்து ஜப்பானியரிடம் ஒப்படைத்த பிறகு நடந்ததைப் பற்றி மட்டும் அவர் வாயே திறந்ததில்லையாம்.

இந்தத் தேடலில் இறங்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன்: கப்பல் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். கான்வாய் ஆவணங்களில் கப்பல்களும் தேதிகளும் இருக்கும், சிப்பாயின் பெயர் இருக்காது. ரெஜிமெண்ட் எண்ணை, அதாவது பட்டாளத்தில் அந்தச் சிப்பாய்க்கென்று கொடுத்த எண்ணைத் தேடுங்கள். தாத்தாவின் பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள், எண் மட்டும் எல்லாத் தாளிலும் ஒன்றே. கிராஞ்சி நினைவகத் தூண்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. இரண்டு சனிக்கிழமைகள் வெயிலில் நின்று தேடினேன். மாண்டவர்கள் பெயர் பொறித்த இடத்தில், ஊர் திரும்பி 1971 வரை வாழ்ந்தவரைத் தேடிய என் புத்தியை என்னவென்று சொல்ல!

எந்தக் கப்பலில் வந்தார் என்பது இன்னும் தெரியவில்லை. நாகப்பட்டினத்துக்காரர்கள் மறக்காத ரஜூலா பயணிகள் கப்பல்கூடப் போர்க்காலத்தில் துருப்புக் கப்பலாக ஓடியதுதான். 1942 ஜனவரியில் பம்பாயில் கப்பலேறியதாகக் குறித்த சம்பளப் புத்தகமோ கடிதமோ வாசகர்கள் யாரிடமாவது இருந்தால், தங்கள் வழியாக எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தோ பாயோ வாசகர்