இந்தப் பொங்கலுக்கு ஒரே அடுப்பு

துரோண்ட்ஹெய்ம், நார்வே
டிசம்பர் 26

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

வணக்கம். கார்த்திகை தீபத்தன்று நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. தொலைபேசியை அம்மா வாங்கிக்கொண்டால் உங்களுக்குப் பேச இடமிருக்காது என்பதால்தான் பெரியப்பாவோடு உள்ள வேலி விஷயத்தைக் கடிதமாக எழுதியிருக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அம்மாவுக்கு முதலில் என் சாப்பாடும் குளிரும் தெரிந்தாக வேண்டும்.

இந்த மாதத்தில் இங்கே காலை பத்து மணிக்குத்தான் சூரியன் தலைகாட்டுகிறது. மதியம் இரண்டரை மணிக்கெல்லாம் அஸ்தமித்துவிடுகிறது. சென்ற வருடத்துக் கோட்டே நன்றாக இருப்பதால் புதிது வாங்கவில்லை. வீட்டில் இன்னொரு நண்பரையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், பேச்சுத்துணைக்காகத்தான். அரிசி, பருப்பு, புளி எல்லாம் கிடைக்கின்றன. ரசம் நானே வைக்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பற்றி முன்பு சொல்லியிருக்கிறேன் அல்லவா, எதிரே வந்தால் பனியைப் பார்த்துக்கொண்டே போய்விடுவாரே, அவர்தான் 23ஆம் தேதி மாலை கதவைத் தட்டி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய அந்த நாட்களில் இவர்கள் அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, கிண்ணத்தின் நடுவில் ஒரு துண்டு வெண்ணெயை உருகவிட்டு, மேலே சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவித் தருகிறார்கள். சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லம் போட மறந்துவிட்டது போன்ற சுவை. இருந்தாலும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். அந்தப் பாத்திரத்துக்குள் தோல் நீக்கிய ஒரே ஒரு வாதுமையைப் போட்டிருப்பார்கள். யாருக்கு அது அகப்படுகிறதோ அவருக்கு மார்சிப்பான் என்னும் வாதுமை இனிப்பில் செய்த பன்றி பரிசு. கிடைத்தவர் சொல்லாமல் கன்னத்தில் அடக்கிக்கொள்ள, மற்றவர்கள் தேடித் தேடிப் பாத்திரத்தையே காலி செய்துவிடுகிறார்கள். பாட்டியின் கடைசிப் பேத்தி அப்படித்தான் செய்தாள். எல்லோருக்கும் தெரிந்திருந்தும் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

அப்பா, நான் சொல்ல வந்தது இனிமேல்தான். பாட்டியின் மகன்கள் இருவருக்கும், தகப்பனார் விட்டுப்போன மலை வீடு ஒன்றின் காரணமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அன்று இருவரும் வந்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் மரத்தின் உச்சியில் நட்சத்திரம் வைப்பது எப்போதும் மூத்தவர் வேலை, அவர் ஏறி நிற்கும் நாற்காலியைப் பிடித்துக்கொள்வது இளையவர் வேலை. சிறு வயதிலிருந்து அப்படித்தானாம். முகம் கொடுக்காமல் இருந்த இளையவர், நேரம் வந்ததும் எழுந்து போய் நாற்காலியைப் பிடித்தார். "இடது பக்கம் சாய்கிறது" என்றார். அண்ணன் நிமிர்த்தினார். அவ்வளவுதான். மலை வீட்டு வழக்கு அப்படியே இருக்கிறது என்று பாட்டியே பிறகு சொன்னார். பண்டிகை மனத்தாங்கலைத் தீர்த்துவைக்கும் என்று நானும் நம்பவில்லை. ஆனால் அது ஆளுக்கொரு வேலையைக் கையில் கொடுத்துவிடுகிறது, வேலை கையில் இருக்கும்போது "அதை எடு, இதைப் பிடி" என்றாவது பேசித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு ஊரின் தேவாலய மணிகள் எல்லாம் அடித்தன. அதன்பின் அவர்கள் மரத்தைச் சுற்றிக் கைகோத்துப் பாடியது சுவர் வழியாக எனக்கு நன்றாகக் கேட்டது. எனக்கு அன்று விடுமுறை. சீக்கிரமே படுத்துத் தூங்கிவிட்டேன்.

பாட்டி தன் பால்கனியில் பறவைகளுக்காக ஓட்ஸ் கதிர்க்கட்டு ஒன்றைக் கட்டியிருக்கிறார். இந்நாட்டில் இது பழைய வழக்கம். காலையில் பார்த்தபோது நம் திண்ணையில் குருவிகளுக்காகத் தாத்தா கட்டித் தொங்கவிடும் நெற்கதிர்தான் கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு வெகுநேரம் எந்த வேலையும் ஓடவில்லை. வாசலில் அம்மா வைக்கும் பூசணிப்பூ, புது நெல் வாசனை, அடுப்புக் கட்டியை நீங்கள் சாணம் மெழுகித் தயாராக்குவது, பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்தைப் பெரியப்பா கட்டுவது, பெரியம்மா பால் ஊற்றுவது, பால் எந்தத் திசையில் வழிகிறது என்று பார்க்க ஊரே வந்துவிட்டதுபோல் நாங்கள் தட்டைத் தட்டிக் கத்துவது எல்லாம் வரிசையாக வந்து போயின. வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டதிலிருந்து ஒரே வாசலில் இரண்டு அடுப்பு எரிகிறது. நம் பானையில் மஞ்சள் கொத்தைத் தம்பி கட்டுகிறான், அது நழுவிக்கொண்டே இருக்கிறது என்று அம்மா சொன்னார்கள்.

வேலி விஷயத்தை சர்வேயர் வந்து அளந்து சொல்லட்டும்; அது தை கழிந்து நடக்கட்டும். இந்தத் தை தங்கைக்குத் தலைப்பொங்கல். வீட்டில் மூத்தவர் முன்னால் நிற்காமல் சீர்த்தட்டு போய் இறங்கினால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான் ஒரு வழி சொல்கிறேன். பாகப்பிரிவினையில் பெரியப்பா பங்குக்குப் போன நம் பாட்டியின் வெண்கலப் பானை அவர் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. சீரில் வைக்க அதைக் கேளுங்கள். தம்பியை அனுப்பாமல் நீங்களே போய்க் கேளுங்கள். பெண்ணுக்கு என்று கேட்டால் பெரியம்மா மறுக்க மாட்டார், பானையைக் கொடுத்தவரை அடுப்பங்கரைக்கு அழைக்காமல் விடவும் முடியாது. கும்பகோணம் போய்ப் புதுப் பானை வாங்கும் செலவும் மிச்சம்.

செலவு என்றதும் நினைவு வந்தது: இம்மாதம் அனுப்பிய பணம் சற்றுக் குறைவாகத் தெரியும். அலுவலகத்தில் சம்பளக் கணக்கை மாற்றி அமைக்கிறார்கள், வேறொன்றும் இல்லை. மாப்பிள்ளைக்கு வேட்டி, தங்கைக்குப் புடவை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து ஆகியவற்றில் குறை வைக்க வேண்டாம். வெள்ளிக் குத்துவிளக்கைத் தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு இந்த முறையும் விடுப்பு அமையவில்லை.

அம்மா முட்டிவலி மாத்திரையை நிறுத்த வேண்டாம். ரேஷன் கடைப் பொங்கல் தொகுப்புக்கான டோக்கனைத் தம்பி முதல் நாளே வாங்கி வைக்கட்டும். போன வருடம் போல் நல்ல கரும்பெல்லாம் போன பிறகு போய் நின்று, சோகையை இழுத்துக்கொண்டு வர வேண்டாம். பெரியப்பா என்ன சொன்னார் என்பதை உடனே எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்