புருவம் ஏறவில்லை

அன்புள்ள சேகர்,

தீபாவளிக்குக்கூட ஒரு வரி எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டுத் திட்டு.

போன செவ்வாய்க்கிழமை காலை, தேக்காவில் நம் பழைய கடை. கோப்பி ஓ ஒரு மிடறு உறிஞ்சினேன். பாதி இடது கடைவாய் வழியே சட்டையில். கடைக்காரர் சிரித்தார், நானும் சிரித்தேன். சட்டென்று அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைத்தார். என் முகத்தில் பாதிதான் சிரித்திருக்கிறது.

பக்கவாதம் என்றே முடிவு கட்டிவிட்டேன். அப்பா பட்ட பாடு உனக்குத் தெரியுமே.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் டாக்டர், "புருவத்தைத் தூக்குங்க அங்கிள்" என்றார். வலது ஏறியது, இடது அசையவே இல்லை. அதைப் பார்த்து அவர் முகத்தில் நிம்மதி! எனக்குக் கோபமே வந்தது. அப்புறம்தான் விளக்கினார். நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கமிருந்தும் கட்டளை போகிறதாம். ஒரு பக்க மூளை அடிபட்டால் வாய் கோணும், நெற்றி பெரும்பாலும் தப்பிவிடும். நெற்றியும் சேர்ந்து படுத்துவிட்டால், கோளாறு அநேகமாக மூளையை விட்டு வெளியே வந்த நரம்பில். பார்க்க மோசம், ஆபத்து குறைவு. அப்பா வாய் பேச முடியாமல் கிடந்த மாதங்களில் நெற்றியைச் சுருக்கித்தானே நம்மை அதட்டினார்? அன்றிரவு அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

இதற்குப் பெயர் பெல்ஸ் பால்சி. மணியத்திடம் சொல்லாதே, தன் பெயரில் வியாதியே இருக்கிறது என்று திரிவான்.

முகத்தை அசைக்கும் இந்த நரம்பு காதுக்குப் பின்னால், எலும்புக்குள் ஒரு குறுகிய வழியில் வருகிறது. வரும்போதே கிளைகளை இறக்கிவிடுகிறது: முதலில் கண்ணீருக்கு, அடுத்து காதுக்குள் சத்தத்தைத் தணிக்கும் குட்டித் தசைக்கு, பிறகு நாக்கின் முன்பக்கச் சுவைக்கு. வீங்கி நசுங்கிய இடத்துக்கு அப்பால் உள்ளதெல்லாம் போச்சு. எலும்பைத் தாண்டி நசுங்கியிருந்தால் முகம் மட்டும்தான் கோணியிருக்கும். எனக்குக் கண்ணீர் வருகிறது. ஆனால் சாம்பார் இடப்பக்கம் சப்பென்று இருக்கிறது, எம்ஆர்டி ரயில் கதவு மூடும் ஓசை இடது காதில் ஆணி அடிக்கிறது. எங்கே சிக்கல் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

ஸ்டீராய்டு மாத்திரை அன்றே தொடங்கியாயிற்று. பெரும்பாலானோருக்குச் சில வாரம், சில மாதத்தில் சரியாகிவிடுமாம். இரவில் இடது கண்ணுக்கு மருந்து போட்டு, டேப் ஒட்டி மூடிவிடுகிறாள் கமலா. "இந்த ஒரு கண்ணாவது என் சொல்படி கேட்குது" என்கிறாள்.

போன் மட்டும் செய்துவிடாதே. உன் குரலை இந்தக் காது தாங்காது. எழுது.

உன்,
ராமு