தேயிலைச் சாயத்தை உப்பு நிலைக்க வைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

தோட்டத்துப் பெண்களுக்குத் துணியில் தேயிலைச் சாயம் போடப் பயிற்சி கொடுப்பது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தோம். முயற்சி நல்லது. ஆனால் உப்பும் வினாகிரியும் சேர்த்தால் சாயம் கழலாமல் துணியில் நின்றுவிடும், இயற்கை நிறம் மங்காது, கழிவு நீரால் ஒரு தீங்கும் இல்லை என்று கட்டுரை சொல்வதை அப்படியே விடக்கூடாது. இதை நம்பித் துணி விற்பவர்களிடம், வாங்கியவர்கள் இரண்டாவது சலவையிலேயே திரும்பி வருவார்கள்.

முதலில் உப்பு. பருத்தி இழை தண்ணீரில் எதிர்மின்னேற்றம் பெறும். கடையில் பக்கற்றில் விற்கும் நேர்ச்சாயங்களும் (நேரடியாகவே பருத்தியில் ஏறும் சாயங்கள்) எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளும் இந்த இரண்டுக்கும் நடுவில் கறியுப்பு நின்று அந்தத் தள்ளலைத் தணிக்கிறது. சாயம் இழைக்குள் போகிறது. பக்கற்றுச் சாயத்துக்குச் சரியான அந்தக் குறிப்பு, எப்படியோ எல்லாச் சாயத்துக்கும் பொது விதியாகிவிட்டது. தேயிலைக்கு அதனால் சொல்லத்தக்க பயன் இல்லை. வினாகிரி கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் அமிலச் சாயங்களுக்கு உரியது. நிறத்தைப் பிடிக்கவைக்கப் படிகாரம் என்ற அலுமினிய உப்பை ஏற்றிய பருத்தியில் வினாகிரியை ஊற்றினால், பிடித்திருந்த அலுமினியத்தையும் கரைத்து வெளியே எடுத்துவிடும்.

தேயிலையின் நிறம் எங்கிருந்து வருகிறது? பச்சைக் கொழுந்தில் இருக்கும் கற்றெச்சின்கள் என்ற பொருட்கள், ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) இலை அரைபட்டுப் புளிக்கும்போது இலையின் சொந்த நொதியத்தால் ஒட்சியேறி, மஞ்சள் கலந்த செம்மையான தியாபிளேவின்களாகவும் செங்கபிலமான தியாருபிஜின்களாகவும் மாறுகின்றன. இவை துவர்ப்புள்ள தனின் வகையைச் சேர்ந்தவை. பருத்தியோடு தாமாகவே ஓரளவு ஒட்டும். உறுதியாகக் கட்டுண்டு நிற்க ஓர் உலோக உப்பு வேண்டும். அதுதான் நிறமூன்றி. பிரகாசமான நிறத்துக்குப் படிகாரம் (சீனக்காரம்), சாம்பல் நிறத்துக்கு அன்னபேதி என்ற இரும்பு உப்பு. இரண்டும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும்.

கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லாத வேலை, துணியின் பசையை எடுப்பது. புதிய பருத்தியில் நெசவுக் கஞ்சியும் மெழுகும் பெக்ரின் என்ற பசைப்பொருளும் இருக்கும். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் துணியை வேகவைத்துப் பாருங்கள், தண்ணீர் தேத்தண்ணி நிறமாகும். ஒரு கிலோ உலர்ந்த துணிக்கு 20 கிராம் வோஷிங் சோடா, கொஞ்சம் சவர்க்காரம், துணி தாராளமாகப் புரளும் அளவு தண்ணீர். ஒன்றரை மணி நேரம் கொதிக்க வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். கொழும்பில் எழுதிய செய்முறையில் உள்ள ஒன்றரை மணியை அங்கே இரண்டாக்க வேண்டும். பசை போகாத துணியில் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். பசை நன்றாகப் போன துணி என்றால், உலர்ந்தபின் ஒரு சொட்டுத் தண்ணீரை மேலே விட்டதும் அது பரந்து உறிஞ்சப்பட வேண்டும். முத்தாக நின்றால் மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள்.

அடுத்தது கடுக்காய். தேயிலையிலேயே தனின் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். வெளிர் நிறம் போதுமென்றால் தேவையில்லை. ஆழமான நிறமோ கறுப்போ வேண்டுமென்றால், பருத்தியில் கடுக்காய்த் தனின் தேயிலையைவிட நன்றாகப் பிடிக்கும். கிலோவுக்கு 200 கிராம் தூள், கை பொறுக்கும் சூட்டில் ஒன்று இரண்டு மணி நேரம். எடுத்து அலசாமல் மெதுவாகப் பிழிந்து படிகாரத்துக்குப் போடுங்கள். 150 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்துக்கொண்டு, வேறாகக் கரைத்த 20 கிராம் வோஷிங் சோடாவைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். நுரைத்துப் பொங்கும், விளிம்பு உயர்ந்த பாத்திரம் எடுங்கள். அவசரப்பட்டுச் சோடாவைக் கூட்டினால் அலுமினியம் வெள்ளைக் குழம்பாக அடியில் இறங்கிவிடும், துணிக்கு ஒன்றும் மிஞ்சாது. இரவு முழுக்க ஊறட்டும்.

சாயத்துக்குத் துணியின் எடைக்கு எடை தேயிலை. ஒரு பருத்திச் சேலை அரைக் கிலோ அளவில் வரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் அவித்து, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டி, நீரளவைத் துணி எடையின் 20 மடங்காக்கி, கொதியைவிடக் குறைந்த சூட்டில் ஒரு மணி நேரம் புரட்டிவிட்டு அப்படியே ஆற விடுங்கள். வடிகட்டாத தூள் ஒட்டிய இடமெல்லாம் புள்ளி விழும். தேயிலைக்கு இன்னொரு சிக்கல்: ஸ்டோரில் ஒதுக்கும் கழிவுத்தேயிலை மலிவு என்று மூட்டை கட்டிக் கொண்டுபோக முடியாது, அதைக் கொண்டுசெல்லத் தேயிலைச் சபையின் அனுமதி வேண்டும். தேத்தண்ணிக் கடைகளின் சக்கையை அன்றன்றே வாங்கி உலர்த்துவது வசதி. ஏற்கெனவே ஒரு முறை சாறு போனதால் அதில் இரண்டு மூன்று மடங்கு எடுக்க வேண்டியிருக்கும். பால் கலந்த சக்கையைத் தொடாதீர்கள். பாலின் புரதம் தனினோடு சேர்ந்து கட்டிபடும்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் நிறம் மங்கிக் கருத்துப்போகிறது என்றால் தண்ணீரைப் பாருங்கள். மலையகத்துப் பீலித்தண்ணி பெரும்பாலும் மென்னீர், சாயத்துக்கு நல்லது. ஆனால் சில ஊற்றுகளிலும் பழைய இரும்புக் குழாய்களிலும் இரும்பு வரும். சோதிக்க ஆய்வுகூடம் வேண்டாம். ஒரு கண்ணாடிக் கோப்பையில் அந்தத் தண்ணீரை எடுத்துச் சாயத் தேத்தண்ணி கொஞ்சம் விடுங்கள். தெளிவான செம்மை என்றால் சரி, கருநீலச் சாம்பல் தட்டினால் இரும்பு. துருப்பிடித்த தகரப் பீப்பாயும் இதே வேலையைச் செய்யும். துருவேறா உருக்கு அல்லது எனாமல் பாத்திரம் நல்லது.

இதே இரும்பை அளவோடு வேண்டுமென்றே போட்டால் அழகான சாம்பல் கிடைக்கும். கிலோவுக்கு 10 முதல் 20 கிராம் அன்னபேதி, 20 லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீர். தேயிலைச் சாயமேறிய ஈரத்துணியை ஐந்து பத்து நிமிடம் விடாமல் புரட்டி எடுத்து அலசுங்கள். மடிப்போடு விட்டால் மடிப்பு மடிப்பாகவே கறுக்கும். அன்னபேதியைத் தேயிலைச் சாற்றிலேயே கொட்டுவதுதான் பலரும் செய்யும் பிழை. அப்போது இரும்பும் தனினும் சேர்ந்து இழைக்குள் உருவாக வேண்டிய கரிய மை, பாத்திரத்திலேயே துகளாகித் துணியின் மேல் படியும். உடுத்தினால் உடம்பெல்லாம் கரி. கறுப்பு வரவில்லையே என்று அன்னபேதியைக் கூட்டவும் கூடாது. இரும்பும் அதோடு வரும் அமிலமும் பருத்தியின் இழைப்பொருளான செலுலோசை அரிக்கும். சோழமண்டலக் கரையின் பழைய வண்ணத்துணிகள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பல துணிகளில் சிவப்பு புதிதுபோல் நிற்க, கறுப்புக் கோடு ஓடிய இடம் மட்டும் உதிர்ந்து ஓட்டையாகியிருக்கும். லீற்றருக்கு 5 கிராம் சுண்ணக்கட்டித் தூள் கலந்த தண்ணீரில் கடைசியாக அலசினால் மிஞ்சிய அமிலம் தணியும்.

அந்தச் சிவப்பு, சாயவேர் என்ற செடியின் வேரிலிருந்து எடுத்த சிவப்பு. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அந்த வேரைத் தோண்டும் உரிமையை ஒல்லாந்தர் தங்கள் கைக்குள் வைத்திருந்தார்கள் என்றால் அதன் பெறுமதி விளங்கும். வேரில் உள்ள அலிசரின் என்ற சாயப்பொருள், அலுமினியத்தோடும் கல்சியத்தோடும் சேர்ந்தால்தான் முழுச் சிவப்பு. நமது மென்னீரில் அந்தக் கல்சியம் குறைவு. சாயவேரோ மஞ்சிட்டி வேரோ பயன்படுத்துகிறவர்கள் சாயத்தில் சிறிது சுண்ணக்கட்டித் தூள் சேர்க்க வேண்டும். 1869 இல் செயற்கை அலிசரினுக்குக் காப்புரிமை எடுக்கப்பட்டதும் வேர்ச் சந்தை சரிந்தது. இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் முதலில் காணப்பட்டதும் அதே ஆண்டுதான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லை, ஆனால் இரண்டு பயிர்களுக்கும் கெட்ட ஆண்டு.

இனி, மங்காது என்ற பேச்சு. கட்டுரையில் மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள் கிழங்கையே சொல்லியிருக்கிறார்கள். அதன் சாயப்பொருளான கேர்க்குமின், நிறமூன்றி இல்லாமலே பருத்தியில் பளிச்செனப் பிடிக்கும், உண்மை. ஆனால் வெயிலுக்கு அதைவிட நோஞ்சானான சாயம் அதிகம் இல்லை. சவர்க்காரத்தின் காரம் பட்டதும் செங்கபிலமாகும். போதாததற்கு 2020 இல் இறக்குமதித் தடையோடு மஞ்சளின் விலை எங்கே போனது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். நல்ல மஞ்சள் நம் தச்சுப் பட்டறைகளிலேயே கிடக்கிறது: பலா வைரத்தின் (மரத்தின் கெட்டியான நடுப்பகுதியின்) மரத்தூள். பிக்குமாரின் காவிக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டது அதுதான். அதிலுள்ள மோரின் என்ற சாயப்பொருள், படிகாரம் ஏற்றிய துணியில் பொன்மஞ்சள் தரும். துணியின் எடைக்குப் பாதியிலிருந்து சம எடை வரை தூளை இரவில் ஊறவைத்து, மறுநாள் ஒரு மணி நேரம் அவித்து வடிகட்டினால் போதும். பலாமரம் வெட்டத்தான் அனுமதி வேண்டும், அறுத்த தூளுக்கு வேண்டாம். யூகலிப்டஸ் இலை பற்றியும் கேட்பார்கள்: சில வகை இலைகள் கம்பளியில் நிறமூன்றி இன்றியே செம்மஞ்சள் தரும், பருத்தியில் வெறும் மண்ணிறம்தான்.

துணி பருத்திதானா என்பதையும் பாருங்கள். நூலொன்றைக் கொளுத்தினால் பருத்தி கடதாசி மணத்தோடு எரிந்து மென்சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகி மணியாக இறுகும். பொலியெஸ்டருக்கு அழுத்தக் கொப்பரையில் 130 பாகை வேண்டும், அடுப்பில் அது ஆகாது. கலப்புத் துணியில் பாதி இழைதான் நிறமேறும்.

மெழுகால் மறைத்து நிறமேற்றும் கண்டிப் பக்கத்துப் பத்திக் பட்டறைகளுக்கும் ஒரு சொல். 1956 இல் சந்தைக்கு வந்த எதிர்வினைச் சாயங்கள் மெழுகு உருகாத குளிர்நீரிலேயே பருத்தியோடு இரசாயனப் பிணைப்பு கொள்பவை, பத்திக்குக்கு ஏற்றவை. ஆனால் வெப்பநிலை 10 பாகை குறைந்தால் வினையின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். உயரமான இடங்களின் 16 பாகை அறையில், சமவெளியின் நான்கு மணி நேரம் போதவே போதாது. சோடா ஏற்றிய துணியைப் பொலித்தீனில் ஈரம் காயாமல் சுற்றி ஒன்றிரண்டு நாள் வைக்க வேண்டும். காய்ந்தால் வினை நின்றுவிடும். இரண்டு பொருட்களைத் துணியிலேயே சேர்த்து நிறம் உண்டாக்கும் பழைய நப்தோல் முறையில் ‘பாஸ்ட் புளூ பி’ உப்பைப் பாவிப்பவர்கள், அது டையனிசிடினிலிருந்து செய்யப்படுவது என்பதை அறிய வேண்டும். புற்றுநோய் அபாயம் கருதி ஐரோப்பிய ஒன்றியம் 2002 இல் கட்டுப்படுத்திய 22 அமைன்களில் டையனிசிடினும் ஒன்று, துணியில் கிலோவுக்கு 30 மில்லிகிராம்தான் எல்லை. ஏற்றுமதிப் பொதி இதனாலும் திரும்பி வரலாம்.

கழிவு நீர். தேயிலையும் கடுக்காயும் மண்ணுக்குப் போகலாம். நிறமூன்றிகள் அப்படியல்ல. படிகாரத் தண்ணீரை ஊற்றிவிடாமல், அடுத்த துணிக்குப் பாதியளவு படிகாரம் சேர்த்துப் பல முறை பயன்படுத்தலாம். கடைசியில் மிஞ்சுவதைச் சுண்ணாம்பு இட்டு அலுமினியத்தைப் படியவிட்டு, மேல்நீரை மட்டும் மண்ணில் விடுங்கள். பச்சை நிறத்துக்கு மயில்துத்தம் என்ற செம்பு உப்பைப் போடலாம் என்று கட்டுரை சொல்வது கவலைக்குரியது. செம்பு மீனுக்கு நஞ்சு, லயத்துக் காணில் (குடியிருப்பு வடிகாலில்) ஊற்றியது ஓடையில்தான் போய்ச் சேரும். பழைய குறிப்புகளில் வரும் டைகுரோமேற் என்ற செம்மஞ்சள் குரோமிய உப்பு இன்னும் மோசம், அது புற்றுநோய் உண்டாக்குவது. இரண்டையும் பயிற்சியிலிருந்து நீக்க வேண்டும். அளவு பெருகிப் பட்டறையானால் 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் தேவையா என்பதையும் விசாரித்துக்கொள்ளட்டும்.

விற்பதற்கு முன் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துண்டை எடுத்து, பாதியைத் தடித்த அட்டையால் மூடி வெயில் விழும் யன்னலில் இரண்டு வாரம் வைக்கச் சொல்லுங்கள். இன்னொரு துண்டோடு வெள்ளைப் பருத்தியைச் சேர்த்துத் தைத்து, 40 பாகைச் சவர்க்கார நீரில் அரை மணி நேரம் கழுவினால் எவ்வளவு சாயம் கழன்று வெள்ளையில் ஏறுகிறது என்பது தெரியும். தேறிய நிறத்தை மட்டும் விற்கலாம். துணியோடு ஒரு சீட்டு வேண்டும்: மென்சவர்க்காரம், நிழலில் உலர்த்தல், இரும்புச் சாம்பல் நிறமானால் தேசிக்காய்ச்சாறு படக்கூடாது, பட்டால் அந்த இடம் வெளுக்கும்.

இப்படிக்கு,
சாயத்தொழிலில் உள்ள சிலர்,
பண்டாரவளை.