தேய்ந்த செருப்பைப் பார்த்துச் சொன்னவருக்கும் மற்றவர்களுக்கும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். போன தீபாவளிக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு என் கடைப்படி ஏறி இறங்கிச் சலித்தவர்கள் முதலில் மன்னிக்கவும். அப்புறம் இந்த நன்றியை ஏற்றுக்கொள்ளவும்.

வலது முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கமாக வலி. பாதத்தின் மேலே எரிச்சல். உட்கார்ந்து தொழில் செய்பவனுக்குக் கால் வலித்தால் எல்லாரும் முதுகைத்தான் சொல்வார்கள். ஸ்கேன் எடுத்ததில் இடுப்பில் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பதாக வந்தது. நாற்பத்தெட்டு வயதில் வலியே இல்லாதவர்கள் பலருக்கும் அப்படி வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஆறு மாதம் மாத்திரை, பெல்ட். வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் குடைக்கடியில் செருப்பு தைக்கும் பெரியவரிடம் ஒரு நாள் வார் அறுந்ததென்று கொடுத்தேன். இரண்டு செருப்பையும் கவிழ்த்து வைத்தார். இடது செருப்பு எல்லாருக்கும் போலக் குதிகாலில் தேய்ந்திருந்தது. வலதில் குதிகால் புதுசு மாதிரி. கட்டைவிரல் நுனி மட்டும் காகிதமாகியிருந்தது. "தம்பி, நீ இந்தக் காலைத் தூக்காம இழுத்து வெக்கிற. வாரைத் தைச்சுத் தரேன், நீ காலைப் பாரு" என்றார். ஐயா, உங்களுக்குத்தான் முதல் நன்றி.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மோட்டார் மிஷினின் பெடலை அழுத்த முடிகிறது, சட்டென்று காலை எடுக்க முடியவில்லை. தையல் கழுத்து வளைவைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தது. நான் மோட்டாரைக் குறை சொல்லி இரண்டு தரம் மெக்கானிக்கைக் கூப்பிட்டிருந்தேன்.

எங்கள் தெரு பிசியோதெரபி தங்கச்சி பாதத்தை மேலே தூக்கச் சொன்னாள். வரவில்லை. உள்பக்கம் திருப்பச் சொன்னாள். நன்றாக வந்தது. "முதுகா இருந்தா இதுவும் சோர்ந்திருக்கணுமே அண்ணா" என்றபடி முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்க எலும்பை ஒட்டி விரலால் தட்டினாள். கரண்ட் அடித்த மாதிரி பாதம் வரை ஓடியது. "முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. எடுங்க" என்றாள். அவள் சொல்லாவிட்டால் நான் இன்னும் பெல்ட் கட்டிக்கொண்டிருப்பேன்.

எடுத்துப் பார்த்தால், பாதத்தைத் தூக்க வைக்கும் நரம்புக்குள்ளேயே நீர்க்கட்டி. புற்று இல்லை, வெறும் கூழ். புதுச்சேரி ஜிப்மரில் இளம் டாக்டர் ஒருவர் ஓ.பி. சீட்டின் பின்னால் படம் போட்டுக் காட்டினார். முழங்காலுக்கு வெளியே இரண்டு எலும்பு சேரும் சின்ன மூட்டு ஒன்று இருக்கிறது. அதற்கு நரம்பிலிருந்து நூல் மாதிரி ஒரு கிளை போகிறது. மூட்டில் இருக்கும் நீர் அந்தக் கிளை வழியே பெரிய நரம்பின் உறைக்குள் ஏறிவிடுகிறதாம். எனக்கு உடனே பாவாடையில் நாடா கோக்கிற பட்டிதான் ஞாபகம் வந்தது. கட்டியை மட்டும் வடித்தால் திரும்ப வரும், அந்தக் கிளையையும் துண்டிக்க வேண்டும் என்றார். 1810-லேயே பிரான்சில் கை நரம்பில் இப்படி ஒரு கட்டியைப் பார்த்து எழுதியிருக்கிறார்களாம்; வழி மூட்டிலிருந்துதான் என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஸ்பின்னர் என்ற டாக்டர் விளக்கியது 2003-ல்தான். இவ்வளவையும் ஒரு தையல்காரனுக்கு, வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது, பொறுமையாகச் சொன்னாரே!

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அறுவை செய்த டாக்டர்களுக்கும், ராத்திரியில் காலடியில் தலையணை சரிசெய்த நர்ஸ் அம்மாவுக்கும் நன்றி. விடியற்காலை பஸ்ஸில் ரெட்டிச்சாவடி, அரியாங்குப்பம் என்று என்னோடு அலைந்தவள் என் மனைவி. அவளுக்கு இதில் எழுதினால் திட்டுவாள், விடுங்கள்.

வலி சீக்கிரமே விட்டது. பாதம் மட்டும் மெதுவாகத்தான் வருகிறது. நரம்பு ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர் அளவில்தான் வளருமாம். பாதம் தொங்காமல் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்டை நாலு மாதம் போட்டேன். இப்போது கட்டைவிரல் தரையை விட்டு எழுகிறது. அதுவரை என் ஆர்டர்களைத் தன் மிஷினில் தைத்து, காசை என் வீட்டில் கொடுத்த பக்கத்துக் கடை அண்ணனுக்கு என்ன சொல்ல?

தை முகூர்த்தத்துக்கு ஆர்டர் எடுக்கிறேன். மாம்பழ மஞ்சள் ரவிக்கையில் கழுத்துத் தையல் ஓடிப்போய்ப் பாழானதே, அந்த அம்மா துணியோடு வரவும். கூலி வேண்டாம்.